மேல்கணக்கும் கீழ்க்கணக்கும்

நான் வேலை பார்த்த ஆய்வுகூடத்தில் இப்போது குழாய்களுக்கு யாரும் பெயர் எழுதுவதில்லையாம். ஒவ்வொரு குழாயிலும் கோடுகோடாக ஒரு சின்ன ஒட்டுச்சீட்டு. கருவியைக் காட்டினால் எந்த ஊர்ச் சேறு, எந்த நாள் எடுத்தது, எவ்வளவு ஆழம் என்று கணினியே சொல்லிவிடுமாம். அங்கே புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இதைத் தொலைபேசியில் பெருமையாகச் சொல்லிவிட்டு, "அந்தக் காலத்துல நீங்க எப்படி மிஸ் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். பேனாவால் என்றேன். சிரித்தாள். ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். இனிமையான அனுபவமாக இருந்தால் நல்லது என்று ஒரு நிபந்தனை வேறு. இனிமை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார் என்று சொல்லத்தான் இருந்தேன். பெயர் எழுதுகிற விஷயம் என்பதால் எழுதுகிறேன். இத்தனை வருடமாகியும் அதில் எனக்கு எரிச்சல் ஆறவில்லை.

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். ஹட்டனில் உயர்தரம் விஞ்ஞானம் படித்தேன். கம்பசுக்குப் புள்ளி போதவில்லை. கண்டியில் கொஞ்சக் காலம் பயிற்சி, பிறகு நுவரெலியாவில் நீர் ஆய்வு நிலையமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேலை. முதல் ஆறேழு வருடம் போத்தல் கழுவினேன், தண்ணீரில் அமிலம் பார்த்தேன், மறுபடி போத்தல் கழுவினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டொக்டர் குணநாதன் எங்கள் நிலையத்துக்குத் தலைவராக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். குளத்துச் சேற்றுக்குள் இருந்துகொண்டு மெதேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணங்கிகளைப் பற்றி வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கியவர். அந்த நுண்ணங்கிகளுக்கு ஒட்சிசன் ஆகாது, பட்டால் போச்சு. ஆய்வுகூடத்தில் வளர்த்து எண்ணலாம் என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே அவற்றை வளர்க்காமல், சேற்றிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்து, மெதேன் ஆக்குபவற்றுக்கு மட்டுமே உரிய ஒரு மரபணு அதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய முறை. அதற்காக மரபணுவைப் பெருக்கிக் காட்டும் ஒரு பி.சி.ஆர். இயந்திரமும் கொண்டுவந்தார். நாங்கள் அதற்குப் பூ வைக்காத குறை.

குணநாதன் சேர் கெட்டிக்காரர். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அவரோடு வேலை செய்வது வேறு விஷயம். காலை எட்டரைக்கு வருவார். கைக்குட்டையால் மேசையை ஒருமுறை துடைப்பார். பிறகு என் ஆய்வுக் குறிப்புக் கொப்பியை நின்றபடியே வாசிப்பார், கையில் சிவப்புப் பேனாவோடு. வாசித்து முடியும்வரை நான் எதிரில் நிற்க வேண்டும். ஏதாவது விளக்க வாயெடுத்தால் கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை உயர்த்துவார்.

"கொப்பியிலை இருக்கிறதுதான் நடந்தது, சரோஜா. மிச்சமெல்லாம் கதை."

இன்னொரு பிடிவாதம், கொப்பி தமிழில் இருக்க வேண்டும் என்பது. "விஞ்ஞானம் எங்கடை பாசையிலை வராதெண்டு ஆர் சொன்னது?" என்பார். நுண்ணங்கி, படிவு, ஐதாக்கல் என்று சொற்களின் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருந்தார். மெதேன் ஆக்கிகளை நான் பற்றீரியா என்று எழுதிய நாளில், அவை பற்றீரியா அல்ல, ஆர்க்கியா என்று அரைப் பக்கத்துக்குச் சிவப்பில் எழுதினார். நான் கோபிக்கவில்லை. தமிழில் எழுதுவது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. என் தமிழும் தமிழ்தானே என்று நினைத்துவிட்டேன்.

இனி அட்டை. வந்த புதிதில் ஒரே ஒருநாள் எங்களோடு வேறோர் ஊரில் சேறு எடுக்க வந்தார். காலுறைக்குள் அட்டை ஏறியதை வான் வண்டிக்குத் திரும்பிய பிறகுதான் கண்டார். எங்கள் ஆட்களுக்கு அது கொசுக்கடி மாதிரி, காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்போம். சேர் வெள்ளைக் காலுறையில் இரத்தத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு களத்துக்கு வரவேயில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியிருக்காது.

டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் இரண்டு குளங்கள் இருந்தன. எங்கள் பக்கத்தில் தோட்டத்தின் பிரிவைக் கணக்கு என்போம். மலைக்கு மேலே இருக்கும் பிரிவு மேல்கணக்கு, கீழே இருப்பது கீழ்க்கணக்கு. பேச்சில் மேக்கணக்கு, கீக்கணக்கு. பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஒருவரைப் பார்த்தால் எந்தத் தோட்டம், எந்தக் கணக்கு என்றுதான் கேட்போம். மேல்கணக்குக் குளத்தில் ஊற்றுத் தண்ணீர், அடியில் கிடக்கும் கல் தெரியும். கீழ்க்கணக்குக் குளத்தில் லயத்துச் சாக்கடைக் கான் தண்ணீரும் தேயிலைத் தொழிற்சாலைக் கழிவும் விழும். கம்பை விட்டுக் கிளறினால் குமிழி குமிழியாக வரும்.

சேறு எடுப்பது இலேசான வேலை இல்லை. தகரப் பீப்பாய்களைக் கட்டி ஒரு மிதவை செய்திருந்தோம். செல்லையா அண்ணன் என்ற தோட்டத் தொழிலாளி அதைத் தள்ளுவார். நான் குப்புறப் படுத்துக்கொண்டு நீளமான கண்ணாடிக் குழாயைச் சேற்றுக்குள் நேராக இறக்கி, காற்றுப் புகாமல் இரண்டு பக்கமும் அடைப்பேன். சேர் வராத நாளில் வான் கிடைக்காது, ஐஸ் பெட்டியில் வைத்து, தலவாக்கலைக்கு பஸ், அங்கிருந்து நுவரெலியாவுக்கு பஸ். ஐஸ் மீன் கடையில் வாங்கியது என்பதால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்குவார்கள். நீளக் குழாய்களைப் பார்த்தால் சிப்பாய்களுக்குக் குண்டோ என்ற சந்தேகம் வரும். "மொனவத மே?" என்று ஒருநாள் ஒரு சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கினான். "மட, மாத்தயா" என்றேன். சேறு ஐயா என்று அர்த்தம். மோந்து பார்த்தான், முகத்தைச் சுளித்தான், போகச் சொன்னான். சிங்களத்தில் ஒரே சொல்லில் விளங்கிவிட்டது. தமிழில்தான் எனக்கு விதி வேறாக இருந்தது.

ஆய்வுகூடத்தில் சேற்றோடு சின்ன மணிகளைப் போட்டுக் குலுக்கி, நுண்ணங்கிகளை உடைத்து, பீனோல் ஊற்றி, அற்ககோலில் டி.என்.ஏ.யை இறக்க வேண்டும். மற்ற ஊர்களில் அது நிறமில்லாமல் வருமாம். எங்கள் கீழ்க்கணக்குச் சேற்றில் பால் சேர்க்காத சாயத்தண்ணி மாதிரி வந்தது. தேயிலைக் கழிவும் மக்கிய இலையும் கலந்த அந்தச் சாயம் பி.சி.ஆரை நடக்கவே விடாது. கழுவிக் கழுவி எடுக்க வேண்டும். பிறகு பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று ஐதாக்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து குழாய் வைத்து ஓட்டி, ஜெல்லில் ஓடவிட்டுப் படம் எடுத்து, எத்தனை குழாய்க்கு மரபணுக் கோடு தெரிகிறது என்று எண்ணி, அட்டவணையைப் பார்த்து நுண்ணங்கிகளின் எண்ணிக்கையைக் கணிப்போம். அந்த அட்டவணையில் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு மேல் எல்லையும் ஒரு கீழ் எல்லையும் இருக்கும். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று பொருள்.

நான் கொப்பியில் இரண்டு நிரல் போட்டேன். முதல் நிரலின் தலையில் மேல்கணக்கு என்று எழுதினேன். இரண்டாவதன் தலையில் கீழ்க்கணக்கு. குளம் என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவில்லை, அது யாருக்குத் தெரியாது?

மறுநாள் காலை சேர் சிவப்புப் பேனாவால் இரண்டு தலைப்புகளையும் வெட்டி, அம்புக்குறி போட்டு இடம் மாற்றியிருந்தார். பக்கத்தில் "மேலும் கீழும் மாறி எழுதப்பட்டுள்ளது. கவனம் தேவை" என்று ஒரு குறிப்பு. கீழ்க்கணக்கு நிரல் முதலில் வர வேண்டும் என்கிறார் போலும், இது என்ன ஒழுங்கோ என்று நினைத்தேன். வாயெடுத்தேன், கை உயர்ந்தது. குறிப்பின் கீழ் ஒப்பம் வைத்தேன். வைத்தது நான்தான். அதை மறைக்க மாட்டேன்.

இதற்குள் அந்தத் தோட்டத்தில் வேறொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தைப் பிள்ளைக்காம்பரா என்போம். கீழ்க்கணக்குப் பிள்ளைக்காம்பராவின் கூரை மழைக்குத் தாங்காது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பார்வதி அக்கா தொட்டில்களை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டே இருப்பாள். வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் நிர்வாகம் புதிதாகக் கட்ட ஒத்துக்கொண்டது. மலையில் சமதரைக்கு எங்கே போவது? குளத்தை மண் போட்டு மூடி அதன்மேல் கட்டுவது என்று முடிவாயிற்று. சேற்றை அள்ளப் போவதில்லை, அப்படியே மூடுவார்கள். தோட்டத்து மருந்தாளர் யாரோ குமிழியைப் பற்றிக் கேள்வி எழுப்ப, தோட்ட நிர்வாகியான பெரிய துரை எங்கள் நிலையத்திடம் அபிப்பிராயம் கேட்டு எழுதினார்.

சேர் பதில் எழுதி அனுப்பிவிட்டார். அலுவலகக் கோவையில் போடுவதற்குப் பிரதி என்னிடம் வந்தது. இக்குளத்தின் சேற்றில் மெதேன் ஆக்கிகளின் மேல்கணக்கு இவ்வளவு, கீழ்க்கணக்கு இவ்வளவு, இரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணிக்கை சாதாரணமானதே, மூடுவதற்கு ஆட்சேபம் இல்லை. நான் நின்ற இடத்திலேயே அதை மூன்று தரம் வாசித்தேன். இரண்டு குளத்து எண்களை எடுத்து நடுவில் ஒன்று போட்டிருந்தார். அந்த எண் எந்தக் குளத்துக்கும் சொந்தமில்லை.

உடனே அவர் அறைக்குப் போனேன்.

"சேர், இந்தக் கடிதத்துல பிழை இருக்குங்க."

"எழுத்துப் பிழையோ?"

"இல்லங்க சேர். இது ஒரு குளத்தோட எண்ணிக்கை இல்ல, ரெண்டு குளத்தோடது."

கையை உயர்த்தினார். கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். விரலை வைத்துக் காட்டினார்.

"இஞ்சை பாரும். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு. நீர்தானே எழுதினீர்?"

"ஆமாங்க. மேக்கணக்குன்னா மேல இருக்கிற கணக்குங்க."

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

"இல்லங்க சேர், மலையில மேல இருக்கிற கணக்கு."

"மலையிலை என்னெண்டு கணக்கு இருக்கும்?"

"தோட்டத்துப் பிரிவுங்க. டிவிசன். அதத்தான் நாங்க கணக்குன்னு சொல்றது."

"பிரிவு எண்டால் பிரிவு. கணக்கு எண்டால் எண்ணிக்கை. பிரிவை ஏன் கணக்கு எண்டு சொல்லுறியள்?"

"அப்படித்தாங்க சொல்லுவோம்."

அலுமாரியைத் திறந்து அகராதியை எடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அகராதியை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் தேடினார். "கனக்கப் பொருள் போட்டிருக்கு. தோட்டம் இல்லை" என்றார். எனக்கு அந்த அகராதியைப் பிடுங்கி ஜன்னலால் வீச வேண்டும் போலிருந்தது. என் அப்பா, அவர் அப்பா என்று மூன்று தலைமுறை குடியிருந்த இடம் புத்தகத்தில் இல்லை என்பதற்காக இல்லாமல் போய்விடுமா?

"மேல்கணக்கைக் கீழ்க்கணக்கை விடக் குறைவாய் எழுதியிருந்தீர். நான்தான் திருத்தினனான். நீர் ஒப்பமும் வச்சிருக்கிறீர்."

"குறைவாத்தாங்க சேர் இருக்கும். மேல இருக்கிறது நல்ல தண்ணி. கீழதான் கான் வந்து விழுது."

விரல் கொப்பியில் அப்படியே நின்றது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர், "ரெண்டு குளம் எண்டு கொப்பியிலை எங்கை இருக்கு?" என்று கேட்டார். இல்லைதான்.

"கடிதத்த திருப்பி வாங்குங்க சேர். அங்க புள்ளக்காம்பரா கட்டப் போறாங்க."

"எதைச் சொல்லித் திருப்பி வாங்குறது? என்ரை உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது எண்டோ?"

அந்தச் சொல் இன்றும் சுடுகிறது. "ஒழுங்காய்ப் பேர் எழுதித் திரும்பச் செய்யும். பிறகு பாப்பம்" என்றார்.

திரும்பச் செய்தேன். டயகமவுக்குப் போனபோது பார்வதி அக்கா ஓடி வந்தாள். நான் எதற்காக மறுபடி சேறு எடுக்கிறேன் என்று முழுவதையும் சொன்னேன். சேர் நடுவில் போட்ட எண்ணைப் பற்றியும் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"நீங்க ஒன்னும் கெளப்பி விட்றாதீங்க மிஸ். இப்பதான் துரை மண்ணுக்கு லொறி சொல்லியிருக்காரு. இத விட்டா இன்னொரு பத்து வருசம்."

"கேஸ் வரும் அக்கா. அதுக்கு மேல புள்ளைங்கள போட முடியாது."

"மழையில மட்டும் போடலாமா?"

முதல் தடவை ஓட்டியபோது இயந்திரம் பாதியில் இருக்க மின்சாரம் போனது. அந்தக் காலத்தில் மின்வெட்டு சாப்பாட்டு வேளை மாதிரி நேரத்துக்கு வரும், அன்று நேரம் தப்பி வந்தது. இரண்டாம் தடவை ஒரு குழாயிலும் கோடு இல்லை. கீழ்க்கணக்கில் ஒன்றுமே இல்லையாம்! கோடு வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த டி.என்.ஏ. கொஞ்சத்தை அதில் கலந்து ஓட்டினேன், அதுவும் வரவில்லை. அப்படியானால் சாயம்தான் தடுக்கிறது. மறுபடி கழுவினேன். மண் லொறி எந்த நாளும் வந்துவிடும் என்ற நினைப்பில் இரண்டு குழாயைக் கைதவறிக் கொட்டினேன், அழுதேன், மறுபடி கழுவினேன். மூன்றாம் தடவை கோடுகள் வந்தன. மேல்குளத்துச் சேற்றில் நூறு மடங்கு ஐதாக்கியதோடு கோடு நின்றுவிட்டது. கீழ்க்குளத்தில் பத்து இலட்சம் மடங்கிலும் தெரிந்தது.

இந்தத் தடவை மேல் பிரிவிலுள்ள குளம், கீழ்ப் பிரிவிலுள்ள குளம் என்று பள்ளிப்பிள்ளை மாதிரி எழுதினேன். சேர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். சிவப்புப் பேனாவை மூடினார்.

"நாளைக்கு வான் இருக்கோ?"

காலில் முழங்கால்வரை சவர்க்காரம் பூசிக்கொண்டு வந்தார். குளத்தின் ஓரத்தில் முதல் லொறி மண் ஏற்கெனவே கொட்டிக் கிடந்தது. பார்வதி அக்கா பிள்ளைக்காம்பரா வாசலில் கைக்குழந்தையோடு நின்றாள். சேர் நேராக அவளிடம் போனார்.

"அம்மா, இது எந்தப் பிரிவு?"

அவள் என்னைப் பார்த்தாள். "என்ன கேக்கிறாருங்க மிஸ்?"

"இது எந்தக் கணக்குன்னு கேக்கிறாரு."

"கீக்கணக்கு. வேற என்ன?" என்றாள், இதுகூடத் தெரியாதா என்ற குரலில்.

சேர் தலையை ஆட்டினார். என் பக்கம் திரும்பவில்லை. செல்லையா அண்ணன் மிதவையில் போய்க் கம்பால் சேற்றைக் குத்தி, வந்த குமிழிகளைக் கவிழ்த்த புனலில் பிடித்து, நுனியில் நெருப்புக்குச்சியைக் காட்டினார். நீலமாகப் பற்றி எரிந்தது. நாங்கள் பலதரம் பார்த்ததுதான். சேர் அதைச் சேற்றின் மேல் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"மூடினால் உது எங்கை போகும்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு வானின் முன்பக்கத்தில் தாளை வைத்து அங்கேயே எழுதினார். முந்தைய கடிதம் தவறு, தவறு என்னுடையது, சேற்றை முழுதாக அள்ளிய பிறகே மூடலாம், இல்லையேல் வேறு இடம் பார்க்கவும். தவறு என்னுடையது என்ற வரியை நான் எட்டிப் பார்த்து வாசித்தேன். என்னிடம் வாயால் சொல்லவில்லை. இதைவிட அவரிடம் எதிர்பார்க்கவும் முடியாது, ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

இத்துடன் முடிந்திருந்தால் ஆண்டு மலருக்கு நல்ல கட்டுரைதான். சேற்றை அள்ள நிர்வாகம் தயாராக இல்லை. வேறு இடம் பார்த்தார்கள். பார்த்தது மேல்கணக்கில். அங்கே பழைய களஞ்சியம் ஒன்று சும்மா கிடந்தது, கூரை நல்ல கூரை. அதற்கு வெள்ளையடித்து, இரண்டு கணக்குக்கும் அதுதான் பிள்ளைக்காம்பரா என்று அறிவித்தார்கள். நாங்கள் எழுதியபடி வேறு இடம். ஒரு குறையும் சொல்ல முடியாது.

அடுத்த முறை சேறு எடுக்கப் போனபோது முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்கினேன். விடியற்காலை பார்வதி அக்காவோடு புறப்பட்டேன். கீழ்க்கணக்குத் தாய்மார் பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் பதியும் அணிவகுப்புக்கு, முன்னால் பிள்ளைகளை மேலே விட்டுவிட்டு, மறுபடி இறங்கி வந்து பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கும் மலைக்குப் போக வேண்டும். மாலையில் மறுபடி ஏறி இறங்க வேண்டும். மழை தூறிக்கொண்டிருந்தது. கூடையோடும் பிள்ளையோடும் ஏறிய ஒருத்தியிடமிருந்து பிள்ளையை வாங்கி நான் சுமந்தேன். சும்மா இருந்த உடம்பு, கொஞ்ச தூரத்திலேயே மூச்சு முட்டியது. படிக்கட்டில் நின்றேன். மேலே பனிக்குள் ஒன்றும் தெரியவில்லை, கீழே லயத்துப் புகையும் மறைந்துவிட்டது.

"எங்க அக்கா நிக்கிறோம்?" என்றேன்.

பார்வதி அக்கா இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளோடு திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்க சேரு மேக்கணக்கையும் கீக்கணக்கையும் சேத்து நடுவுல ஒன்னு போட்டாருல்ல, அங்கதான். இங்க கூரை கீரை ஒன்னும் கெடையாது மிஸ், ஏறுங்க."